திறக்கக் கூடாத கதவு

பதிவு செய்த மௌனத்துக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

மார்னி ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓட்டினாள். தகரக் கூரையை உரசும் காற்று, தூரத்தில் ஒரு நாய், இரண்டுக்கும் அடியில் ஈரமாக, அவசரமில்லாமல் ஒரு மூச்சு. அவள் எடிட் செய்யும் பேய்ப்படத்தின் கடைசிக் காட்சியை எடுத்தது அவளுடைய வீட்டில்தான், அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இதே நடைவழியில். எடுத்து முடித்ததும் வீட்டின் வெறும் சத்தத்தைப் பதிவதற்காக, சமையலறை ஃபிரிட்ஜை அணைத்து, திரும்பப் போட மறக்காமலிருக்க தன் கார் சாவியை அதற்குள் வைத்துவிட்டு, எல்லோரையும் தெருவுக்கு அனுப்பியிருந்தாள் இயக்குநர் ஜோஸ். உள்ளே இருந்தது ஒலிப்பதிவுக் கருவி மட்டும்.

கைபேசி அதிர்ந்தது. ஜோஸ்தான்.

"சிட்னிக்காரங்க கூப்பிட்டாங்கடி. கடைசி நிமிஷத்தை மாத்தினா படத்தை வாங்கிக்கறாங்களாம்."

"ஒரு நிமிஷத்துக்கா இவ்ளோ அலட்டல்? மீதி படத்தை தியேட்டர்ல எல்லாரும் நகத்தைக் கடிச்சுட்டுதானே பாத்தாங்க?"

"வெளிய வரும்போது சிரிச்சுட்டு வந்தாங்களே! ஒருத்தன் என்கிட்டயே கேக்கறான், கடைசியில கதவைத் திறந்துட்டு வருதே, அந்த ரப்பர் மூஞ்சி எந்தக் கடையில கிடைக்கும்னு. மொத்தப் படமும் அவனுக்கு அந்த மூஞ்சிதான்டி. பழைய முடிவையே போட்டுடு. வெறும் நடை, மூடின கதவு. அது திறக்கவே கூடாது. வெச்சிருக்கல்ல?"

மார்னி திரையைப் பார்த்தாள். நடையின் கோடியில் சமையலறைக் கதவு, அதன்மேல் சாம்பல் வெளிச்சம். எத்தனை முறை பார்த்தாலும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொள்வாள். மாதக்கணக்கில் அவள் வெட்டி ஒட்டியதில் இப்படி ஒன்றுகூட இல்லை. ஜோஸ் ஒரே மதியத்தில், சாண்ட்விச் தின்றுகொண்டே எடுத்தாள். அதனால்தான் மார்னி "ஜனங்களுக்கு எதையாவது காட்டணும் ஜோஸ்" என்று நச்சரித்து அந்த ரப்பர் முகத்தை நுழைத்தாள். அரங்கில் சிரிப்பு எழுந்தபோது இருட்டில் அவளும் சிரித்தாள். இனித்தது.

"அது அழிஞ்சு போச்சு," என்றாள்.

"தேடிப் பாரு மார்னி, ப்ளீஸ். அப்புறம் கூப்பிடறேன்." ஜோஸின் குரல் உடைந்திருந்தது.

மார்னி காட்சியை அழித்தாள். பிரதியை அழித்தாள். மௌனத்தையும் அழித்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.

காற்று. நாய். சமையலறையில் ஃபிரிட்ஜின் முனகல்.

ஹோபார்ட்டில் ஜூன் என்றால் குளிர்காலம், தேநீர் ஆறுவதற்குள் இருட்டிவிட்டிருந்தது. விளக்கைப் போட எழுந்தவள் அறை வாசலில் நின்றாள். நடையின் கோடியில் சமையலறைக் கதவு மூடியிருந்தது. அவள் அதை மூடுவதேயில்லை.

ஃபிரிட்ஜ் நின்றது.

தானாக நிற்கும்போது ஒருமுறை குலுங்கும். இப்போது குலுங்கவில்லை. சுவிட்சை யாரோ அணைத்ததுபோல் நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம். கண்ணாடித் தட்டில் சாவிக்கொத்தை வைக்கும் சத்தம். மார்னியின் கை சட்டைப்பையைத் தடவியது. அதிலிருந்த அவள் சாவிக்கொத்து இல்லை.

இருட்டிய பிறகும் அந்தச் சாம்பல் வெளிச்சம். மூடிய கதவு. அதே கோணம். ஜோஸின் கோணம். அந்தப் பயத்திலும் பொறாமையில் நெஞ்சு எரிந்தது.

கைபேசி. கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் காதில் வைத்தாள்.

"மார்னி? கெடச்சுதா?"

அவள் கைபேசியைக் காதோடு அழுத்தினாள்.

"என்னடி இப்படி மூச்சு வாங்கற? ஓடி வந்தியா?"

மார்னி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

கைப்பிடி இறங்கியது. காட்சியை இங்கே வெட்ட வேண்டும். இந்த இடத்தில்தான். வெட்ட யாருமில்லை. காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. கதவு முழுதாகத் திறந்தது.

சமையலறையில் யாருமில்லை.

அவள் பின்கழுத்தில் ஒரு மூச்சு, ஈரமாக. அவசரமில்லாமல்.