காலியான குழி

போன வாரம் வரை லிஃப்ட் குழிக்குள் குப்புறக் கிடந்த மச்சான், இன்று எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கான், டாக்டரம்மா" என்றார் மெக்கானிக்.

"இந்தக் கண்ணசைவு சிகிச்சையில விபத்து நினைவு இப்படித்தான் மாறும். பயப்படாதீங்க. அதையே மனசுல வெச்சுக்கிட்டு என் விரலைப் பாருங்க."

இரண்டு விரல்கள் முகத்துக்கு நேரே இடமும் வலமுமாகப் போய்வந்தன. கண்கள் அவற்றின் பின்னாலேயே ஓட ஓட, காலை வெயில் விழுந்த அந்த அறையின் பினாயில் வாசனை மெல்ல விலகி, கிரீஸும் ஈரச் சிமெண்டும் கலந்த குழியின் நெடி மூக்கில் ஏறியது. எங்கோ மேலே இரும்புக் கயிறு முறுக்கேறி முனகியது.

எட்டு மாதத்துக்கு முன், பழுது பார்க்க இறங்கிய மச்சான்மேல் லிஃப்ட் இறங்கியது; அங்கேயே செத்தான். சுவிட்சில் இருந்தது மெக்கானிக்கின் கை. கீழேயிருந்து சத்தமே வரவில்லை என்று விசாரணையில் சொன்னார். மனைவியிடமும் அதையே சொன்னார். மச்சான் அவளுக்கு ஒரே தம்பி. கணவர் ஒழுங்காகத் தூங்கினால் போதும் என்று, இப்போதும் அவள் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் அன்று சத்தம் வந்தது. "மாமா, இருங்க" என்று தெளிவாகவே வந்தது. எப்போதும்போல விளையாடுகிறான் என்று நினைத்து அழுத்திவிட்டார்.

விரல்கள் நின்றன.

"இப்ப என்ன தெரியுது?"

"திரும்பிட்டான். என்னைப் பாக்கறான்."

"சரி. விரலைப் பாருங்க."

இடம். வலம். மச்சான் எழுந்து நின்றான். குழியின் இரும்பு ஏணியில் கை வைத்தான். டங். ஒரு படி. டங். இன்னொன்று.

மெக்கானிக் கையை உயர்த்தினார். போதும் என்றால் அப்படிக் காட்டச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. விரல்கள் உடனே நின்றன.

படிச் சத்தம் நிற்கவில்லை.

டங். டங். பிறகு, காதுக்கு வெகு அருகில்:

"அக்கா வெளியதான இருக்கா, மாமா?"

டாக்டரம்மா முன்னால் சாய்ந்தார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"குழி... குழி காலியா இருக்கு."

"ரொம்ப நல்லது." டாக்டரம்மா நோட்டை மடியில் வைத்து எழுதத் தொடங்கினார். பாதி வரியில் பேனா நின்றது. தலை நிமிர்ந்தது. மெக்கானிக்கின் தோளுக்கு மேலே, அவருக்குப் பின்னால் இருந்த எதையோ பார்த்தார்.

கிரீஸ் நெடி.

டாக்டரம்மாவின் இரண்டு கைகளும் மடியில் அசையாமல் கிடந்தன. கண்கள் மட்டும், யாரோ ஆட்டும் விரல்களைத் தொடர்வதுபோல, இமைக்காமல், இடமும் வலமுமாகப் போய்வந்தன.