ஆறாம் அறைத் தலையணை

இன்னும் இருபத்தாறு மணி நேரத்தில், தன் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் சாஃப்தா வேலையை விட்டுப் போய்விடுவார் என்று தமியான் சொன்னார். சொல்லிவிட்டு, பனி ஒட்டிய கோட்டைக் கழற்றாமலே ஆக்லாயாவின் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும்தான் கெடு, மேடம். நான் வச்ச கெடு இல்ல. அவங்களே வச்சது."

அடுத்த வீட்டு ஹொரியா ஏற்கெனவே அங்கே இருந்தார். சாலைக்கு அந்தப் பக்கத்து ஹோட்டலிலிருந்து தமியான் தொப்பிகூட இல்லாமல் ஓடி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்ததுமே, சர்க்கரை கடன் கேட்கும் சாக்கில் வந்துவிட்டிருந்தார். டிராலி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். புக்கரெஸ்டின் எல்லாத் தெருக்களையும் பார்த்தாயிற்று, இனி ஒரு குற்றவாளியைப் பார்த்தால் போதும் என்று இருந்தார்.

ஆக்லாயா ஸ்திர்பு காப்பிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கினார். காப்பீட்டு நிறுவனத்தில் பொய்யான இழப்பீட்டு மனுக்களைக் கண்டுபிடிப்பது அவர் வேலையாக இருந்தது. தாமாக எரிந்த கடைகளையும் தாமாக மூழ்கிய படகுகளையும் நிறையப் பார்த்தவர்.

"முதல்ல காப்பி. அப்புறம் முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார்.

தமியானின் ஹோட்டல் பெரியது அல்ல. விடியற்காலை விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் ஓர் இரவு படுத்து எழுந்து போகும் இடம். சுத்தம் ஒன்றுதான் அதன் பெருமை. அந்தச் சுத்தம் முழுக்க சாஃப்தாவின் கை.

ஐந்தாம் தேதி சாயங்காலம் ஆறாம் அறைக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். இருவரும் ஒரே நிறுவனத்தின் வேதியியலாளர்கள். விடுமுறைக்கு ஆலை மூடியிருக்கும்போது அருகிலுள்ள பரிசோதனைக் கூடத்தின் கருவிகளைச் சரிபார்க்க வந்தவர்கள். ஒருத்தி யாஷ் நகரத்து ரலூக்கா, பிரிவுத் தலைவி. மற்றவள் நெதர்லாந்துக்காரி மார்லூஸ், ஆறு மாதமாக இந்த நாட்டில் இருப்பவள். ஆறாம் தேதி காலையில் மார்லூஸ் இணையத்தில் ஹோட்டலைப் பற்றி எழுதிவிட்டாள்.

தமியான் செல்பேசியைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். "'விமான நிலையத்துக்கு அருகில் உள்ளது. காலை உணவு நன்று. ஆனால் படுக்கை விரிப்பு மாற்றப்படவில்லை. என் தலையணைக்கு அடியில் முன்பு தங்கியவரின் காய்ந்த களை ஒன்று கிடந்தது. அழுக்கு.' அந்தக் கடைசி வார்த்தைதான், மேடம். 'ஒண்ணு அந்தம்மா அதை எடுக்கணும், இல்ல நாளைக்கு அவங்க கிளம்பறப்ப நானும் கிளம்பறேன்'னு சொல்லிட்டாங்க சாஃப்தா. அவங்க போனா நான் ஹோட்டலை மூட வேண்டியதுதான்."

"களைன்னா?" ஹொரியா முன்னால் சாய்ந்தார். "கஞ்சாவா இருக்கும்."

"நீங்க சர்க்கரைக்குத்தானே வந்தீங்க?" என்றார் ஆக்லாயா.

"வாங்கிட்டேன். ஆனா இப்ப எப்படிப் போறது?"

*

ஹோட்டலின் சலவை அறையில் சாஃப்தா தேய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், அகலமான தோள்கள். தேய்ப்புப் பெட்டி மேசையில் விழும் ஓசையிலிருந்தே அவர் மனநிலை தெரிந்தது.

"உள்ள வாங்க. அழுக்கா இருக்கும், பரவாயில்லையா?" என்றார்.

"சாஃப்தாம்மா, நான் உங்களை நம்பறேன்," என்றார் ஹொரியா.

"நீங்க நம்பி என்ன பண்றது, அண்ணே. அந்தம்மா நம்பணும்." பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அஞ்சாம் தேதி காலைல நானே ரெண்டு கட்டிலுக்கும் விரிப்பு மாத்தினேன். தலையணையைத் தட்டிப் போட்டேன். ஒரு முடி இருந்திருந்தாக்கூடக் கண்ணுல பட்டிருக்கும்."

"அந்த விரிப்பு இப்ப எங்கே?" ஆக்லாயா கேட்டார்.

சாஃப்தா மேல் அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை இறக்கினார். "மறுநாளே மாத்திட்டேன், ஆனா துவைக்கல. அழுக்குன்னு சொன்னாங்களே, யாராவது வந்து காட்டட்டும்னு எடுத்து வச்சேன்."

ஆக்லாயா விரிப்பை வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளைத் துணியில் தலையணை இருந்த இடத்தில் வெந்தயம் அளவுக்கு ஓர் இளஞ்சிவப்புக் கறை. ஹொரியா பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுப்பதற்குள் ஆக்லாயா குனிந்து முகர்ந்துவிட்டார்.

"நீங்களும் பாருங்க."

ஹொரியா முகர்ந்தார். தேவாலய வாசனை வந்தது. "திருநீற்றுப் பச்சிலை. ஞானஸ்நானப் பண்டிகைக்கு முந்தின நாள் ஃபாதர் வீடு வீடாத் தீர்த்தம் தெளிக்கக் கொண்டுவருவாரே, அந்தக் கொத்து."

"அஞ்சாம் தேதி ராத்திரி அதை யாரு தலையணைக்கு அடியில வைப்பாங்க?"

"கல்யாணமாகாத பொண்ணுங்க. ஃபாதர் கொத்துலேர்ந்து ஒரு இணுக்கு உருவிட்டு வந்து, சிவப்பு நூல் கட்டி வச்சுக்கிட்டா, கட்டிக்கப்போறவன் கனவுல வருவான். என் பொண்ணும் வச்சா. வந்தவன் இப்ப எங்க வீட்டு சோஃபாவ விட்டு எந்திரிக்கறதே இல்ல."

சாஃப்தாவுக்குக் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்தது. ஆக்லாயா விரிப்பை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்த அறையைப் பத்தி இன்னும் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சரி."

"என்னத்தைச் சொல்றது. அந்த வெளிநாட்டம்மா ஜன்னலைத் திறந்து வச்சுட்டுத் தூங்குது. ஜனவரியில. அது படுக்கறது ஜன்னல் பக்கக் கட்டில். மத்தவங்க கதவுப் பக்கம். பாவம், காத்து அடிச்சு அவங்களுக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு. கம்பளித் துண்டு சுத்திக்கிட்டுத்தான் சாப்பிட வந்தாங்க."

"திறந்த ஜன்னலா," என்றார் ஹொரியா. கஞ்சாவைப் பற்றிப் பேசியபோதுகூட அவர் குரலில் இவ்வளவு பயம் இல்லை.

"பெட்டிகள்?" என்று கேட்டார் ஆக்லாயா.

"சிவப்புப் பெட்டி ரலூக்கா மேடமோடது. அது ஜன்னல் கட்டிலுக்குப் பக்கத்துல நிக்குது. நீலப் பெட்டி கதவுகிட்ட. கூட்டறப்ப ரெண்டையும் நகத்தி நகத்தி வைக்கணும்."

ஆக்லாயா தலையசைத்தார். ஹொரியா அதைக் குறித்துக்கொண்டார். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

*

படியிறங்கும்போதே ஹொரியாவுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. வரவேற்பு மேசையில் இருந்த இலிங்காவின் முன்னால் போய் நின்றார். கல்யாணமாகாத பெண், அறைச் சாவிகள் எல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் தொங்கின.

"அஞ்சாம் தேதி ராத்திரி நீ எங்கே தூங்கினேம்மா?"

"எங்க வீட்டுல, அண்ணே. ஏன்?"

"ஃபாதர்கிட்டப் பச்சிலை உருவினியா?"

"உருவினேன். நாலு மணிக்கு அவரு இங்க வந்தப்ப. என் தலையணைக்கு அடியிலயே வச்சேன்." அவள் புருவத்தை உயர்த்தினாள். "யாரு வந்தான்னு கேக்கப்போறீங்க. ஒரு டிராலி பஸ் வந்துச்சு. நீங்க ஓட்டினீங்களே, அதே நம்பர். நிக்காமப் போயிடுச்சு."

ஹொரியா பூதக்கண்ணாடியைப் பையில் போட்டார்.

"ஃபாதர் உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?" ஆக்லாயா கேட்டார்.

"சிரிச்சாரு. 'இந்த வாசல்ல நீ ரெண்டாவது ஆளு, இப்படியே போனா எனக்குக் காம்புதான் மிஞ்சும்'னாரு."

"அப்ப வாசல்ல யார் இருந்தாங்க?"

"தெரியல, மேடம். நான் உள்ளே இருந்தேன். வண்டியெல்லாம் வந்துக்கிட்டிருந்துச்சு. பெட்டி இறக்கறவங்க, சிகரெட் பிடிக்கறவங்கன்னு ஒரே கூட்டம்."

வெளியே வந்ததும் ஹொரியா கேட்டார். "யாருன்னு தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சு."

"சொல்லுங்களேன்."

"சொல்லக் கூடாது, ஹொரியா. அது என் வாய்லேர்ந்து வர வேண்டிய விஷயம் இல்ல."

*

மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் காலை உணவு அறையில் கூடினார்கள். தமியான் தேநீரும் கிறிஸ்துமஸுக்குச் செய்ததில் மிஞ்சிய வால்நட் ரொட்டியும் வைத்தார். சாஃப்தா உட்காரவில்லை. கோட்டு மாட்டிக்கொண்டு கதவருகே நின்றார். ரலூக்கா மேசையின் ஓரத்தில் கம்பளித் துண்டுக்குள் கழுத்தை வைத்துக்கொண்டு இருந்தாள். முப்பத்தெட்டு வயது, நிமிர்ந்த முதுகு, எதையும் இரண்டு முறை கேட்காத முகம். ஆலையில் அவளிடம் எல்லோரும் பயப்படுவார்கள் என்று ஹொரியாவுக்குத் தோன்றியது.

மார்லூஸ் ஒரு பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தாள். அதன்மேல் தேதியும் நேரமும் எழுதியிருந்தது. அவள் இந்த நாட்டு மொழியை வகுப்பில் கற்றவள்.

"பொருள் இதுதான். நான் கண்டதை மட்டுமே எழுதினேன்," என்றாள்.

"எங்க ஆபீஸ்லகூட யாரும் இவ்வளவு ஒழுங்கா வைக்க மாட்டாங்க," என்றார் ஆக்லாயா. உறைக்குள் ஒரு பச்சிலை இணுக்கு, சிவப்பு நூல் கட்டியது. "இந்த நூலைப் பாருங்க. ஒரு பக்கம் வெளிறியிருக்கு, இல்லையா?"

"ஆம். சாயம் கரைந்திருக்கிறது."

ஆக்லாயா விரிப்பை விரித்து இளஞ்சிவப்புக் கறையைக் காட்டினார். மார்லூஸ் குனிந்து பார்த்தாள். கருவியைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தாள்.

"அப்படியென்றால் இதை இங்கே வைத்தபோது நூல் ஈரமாக இருந்தது."

"அதேதான். இந்த ஊர்ல இது அஞ்சாம் தேதி ராத்திரிக்கு மட்டும்தான் தலையணைக்கு அடியில போகும். ஃபாதர் தீர்த்தத்துல முக்கின கொத்துலேர்ந்து உருவினது, அதனாலதான் ஈரம். ஃபாதர் இங்க வந்தது நாலு மணிக்கு. அந்த அறையில நாலாம் தேதி படுத்தது யாரு, தமியான்?"

"கிளுஜ்லேர்ந்து வந்த ரெண்டு லாரி டிரைவருங்க."

ஹொரியா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஆக்லாயா மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார்.

"அவங்க போனப்புறம் சாஃப்தா விரிப்பை மாத்தினாங்க. அதுக்கப்புறம்தான் இது வந்துச்சு. முன்ன தங்கினவங்க விட்டுட்டுப் போனது இல்ல."

மார்லூஸ் யோசித்தாள். அவள் நேர்மையானவள் என்பது யோசித்த விதத்திலேயே தெரிந்தது. "ஒப்புக்கொள்கிறேன். விரிப்பு மாற்றப்பட்டிருக்கிறது. ஆனால் நாங்கள் வந்ததும் நான்கு மணிக்குத்தான். அப்படியானால் நாங்கள் சாவி வாங்கிய பிறகு யாரோ எங்கள் அறைக்குள் நுழைந்திருக்கிறார். இது அழுக்கைவிட மோசம். எல்லா அறைகளுக்கும் சாவி வைத்திருப்பவர் இவர்."

சாஃப்தா இடுப்புக் கயிற்றிலிருந்த சாவியை அவிழ்த்து மேசையில் வைத்தார். தமியான் கண்ணை மூடிக்கொண்டார். நாம் வந்து காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்று ஹொரியா நினைத்தார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு," என்றார் ஆக்லாயா. யாரையும் பார்க்காமல், ரொட்டியை நறுக்கிக்கொண்டே பேசினார். "இதை யாரும் அடுத்தவங்க தலையணைக்கு அடியில வைக்க மாட்டாங்க. தன் தலையணைக்கு அடியிலதான். வச்சவங்க அது தன் கட்டில்னு நினைச்சு வச்சிருக்காங்க. பெட்டியையும் அதுக்குப் பக்கத்துலயே வச்சாங்க. அப்புறம் படுக்கப் போறப்ப யாரோ ஜன்னலைத் திறந்தாங்க. ஜன்னலுக்குக் கீழ படுக்க முடியாம கட்டிலை மாத்திக்கிட்டாங்க. கூட இருக்கறவங்க எதிர்ல தலையணைக்குக் கீழ கையை விட்டு எடுக்கக் கூச்சம். அவ்வளவுதான். இதுல தப்பு ஒண்ணுமே இல்ல. ஆனா சொல்லாம இருந்தா, ஒருத்தர் வேலை போயிடும்."

ஹொரியாவுக்குச் சிவப்புப் பெட்டி நினைவுக்கு வந்தது. அவர் ரலூக்காவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து, தேநீரைப் பார்த்தார். தமியானும் இலிங்காவும் தேநீரைத்தான் பார்த்தார்கள்.

ரலூக்கா மேசையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை எடுத்து, எழுந்து போய், சாஃப்தாவின் கையில் வைத்தாள்.

"மன்னிச்சிருங்க. நேத்தே சொல்லியிருக்கணும்." மார்லூஸ் பக்கம் திரும்பினாள். "அது என்னோடது. நான்தான் வச்சேன்."

மார்லூஸ் உறையை ரலூக்காவின் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு செல்பேசியை எடுத்தாள். எழுதியதை முழுவதும் அழித்தாள். புதிதாக ஏதோ தட்டி, தமியானிடம் காட்டினாள். தமியான் அதைச் சாஃப்தாவுக்கு உரக்கப் படித்தார். "'விரிப்புகள் தினமும் மாற்றப்படுகின்றன. நான் தவறாக எழுதியிருந்தேன். பார்த்ததிலேயே சுத்தமான அறை.'"

சாஃப்தா கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். அப்புறம் மற்றதையும் கழற்றினார்.

"ஆனால் ரலூக்கா," என்றாள் மார்லூஸ், "இதை எதற்காக வைப்பது?"

அறையில் எல்லோருக்கும் தெரியும். ரலூக்காவின் காதுகள் சிவந்தன.

"தலைவலிக்கு, மேடம்," என்றார் சாஃப்தா சட்டென்று. "எங்க ஊர்ல தலைவலிக்கு வைக்கறது. நல்லாத் தூக்கம் வரும்."

ஹொரியா வேகமாகத் தலையாட்டினார். "ஆமா, எனக்குக்கூட ஒற்றைத் தலைவலி. வச்சா உடனே போயிடும்."

ரலூக்கா சாஃப்தாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. கம்பளித் துண்டை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள்.

"தலைவலிக்கு இல்ல, மார்லூஸ்," என்றாள். "கட்டிக்கப்போறவன் யாருன்னு கனவுல தெரியும்னு வைக்கறது. எனக்குக் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசையா இருக்கு."