ஆல்டோ வரியில் சிவப்பு

ஆல்டோ வரியின் நடுவில் ஒரே ஒரு சுரம் சிவந்திருந்தது.

கண் அசதி என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். மதியத்திலிருந்து பாடகர் குழுவின் புதுப் பாட்டைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்; பெண்களின் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ, ஆண்களின் டெனர், பாஸ் என்று நான்கு குரலுக்கும் நான்கு வரிகள், எல்லாம் கறுப்புப் புள்ளிகள். வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஜன்னல் திரை ஈரத்தில் கனத்துத் தொங்க, அடுத்த அறையில் அக்கா ஆவி பிடிக்கிற யூகலிப்டஸ் தைலத்தின் வாடை கதவிடுக்கு வழியாகக் கசிந்து வந்து விசைப்பலகையில், விரல்நுனியில், ஆறிப்போன காபியில்கூடப் படிந்திருந்தது.

ஒரு குரலுக்கு எட்டாத உயரத்தில் சுரத்தை வைத்தால் அந்த மென்பொருள் அதைத் திரையில் சிவப்பாக்கிக் காட்டும். அச்சில் கறுப்பாகத்தான் வரும். ஆனால் இது எட்டாத சுரமே இல்லை. கடைக்காரரைக் கூப்பிடுகிற உயரம், அவ்வளவுதான். அவளே ஆல்டோதான், தெரியாதா என்ன. ஆல்டோவின் எல்லையைத் திறந்து பார்த்தாள். சரியாக இருந்தது. யாராவது கைப்பட நிறம் பூசியிருக்கிறார்களா என்று பார்த்தாள். இல்லை. சுரத்தை அழித்துவிட்டு மறுபடி வைத்தாள். கறுப்பாக உட்கார்ந்தது. பிறகு, அறைபட்ட கன்னம்போல மெல்லச் சிவந்தது.

மிச்சம் இருந்தது அமைப்புகள் பக்கம்தான். அவள் போகாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த இடம். 'எட்டாத சுரங்களை நிறத்தில் காட்டு' என்ற வரிக்கு முன்னால் கட்டம் காலியாக இருந்தது. நிறமே வரக் கூடாது.

அந்தக் கட்டத்திலிருந்த டிக்கை எடுத்துவிட்டவள் அவள்தான்.

போன கச்சேரிக்கு முன்னால், குழுவை நடத்துகிற மாஸ்டர் போனில் சொன்னார். "பாட்டு தூங்கி வழியுதும்மா, சுருதியைக் கொஞ்சம் ஏத்திப் போடு. அக்காவுக்குச் சரிப்படுமான்னு மட்டும் பாத்துக்க." அவள் மொத்தப் பாட்டையும் மேலே தள்ளினாள். அக்காவின் சோப்ரானோ வரி அம்மை போட்டதுபோலச் சிவந்தது. அக்கா அப்போதுதான் தொண்டைப் புண்ணிலிருந்து தேறியிருந்தாள். இப்போதைக்கு உச்சத்துக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் மறுபடி இறக்கி, வரி வரியாகச் சரிபார்க்க அவளுக்குச் சோம்பல். சிவப்பு கண்ணில் படாமல் இருக்க டிக்கை எடுத்தாள். எல்லாம் கறுத்தது. அச்சடித்தாள்.

ஒத்திகையில் அக்கா தாளோடு வந்து நின்றாள். "ஏய் தட்டச்சு, பாட்டை ஏத்திட்டியா? இழுத்துப் பிடிச்சுப் பாட வேண்டியிருக்குடி."

"பேப்பர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. உன் தொண்டைதான் சரியில்ல."

அக்கா நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? துணிக்கடையில் நாளெல்லாம் கால் கடுக்க நின்று, அந்த வீட்டில் யாரும் போகாத கல்லூரிக்குத் தங்கையை அனுப்பியவள். படித்தவள் பேப்பரைப் பார்த்துச் சொல்கிறாளே.

மேடையில், பாட்டின் பாதியில், அக்காவின் குரல் அறுந்தது. அன்றிலிருந்து இன்றுவரை வெறும் காற்றுதான். குழுவுக்கு அக்காவே செய்தி அனுப்பினாள்: 'தப்பு என்னோடதுதான். தொண்டையப் பாத்துக்காமப் பாடிட்டேன், மன்னிச்சுக்கங்க.' தங்கை அதற்கு ஒரு கட்டைவிரல் படம் போட்டாள். வேறெதுவும் தோன்றவில்லை. கட்டைவிரல்.

இரண்டாவது சுரமும் சிவந்தது. மாஸ்டரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அணைச்சுட்டுப் போடும்மா," என்றார் அவர். "கரண்டு, கார், கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் அதான் வைத்தியம். என் மச்சானுக்குத்தான் அது வேலை செய்யல."

"போட்டுப் பாத்துட்டேன் மாஸ்டர்."

"எந்த சுரம்? பாடிக் காட்டு."

வாயைத் திறந்தாள். கீழ்ச் சுரம் வந்தது. மேல்சுரம் வந்தது. நடுவில் இருந்ததற்குக் காற்று மட்டும் வந்தது, இருட்டில் படி இல்லாத இடத்தில் கால் வைத்தாற்போல.

"லைன் கட்டாகுதா?"

"தொண்டை கட்டியிருக்கு."

"அடப்பாவமே, உனக்குமா? அக்காகிட்டயே கொஞ்சம் தைலம் வாங்கிப் போட்டுக்க."

போனை வைத்தபோதுதான் அது கேட்டது. முதலில் மின்விசிறியின் முனகல் என்று நினைத்தாள், விசிறி நின்றிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், வாய் மூடிய ஒரு ரீங்காரம், மெல்லியதாக, ஒரே சுரத்தில். எந்தச் சுரம் இங்கே சிவந்து அவளிடமிருந்து போயிற்றோ அந்தச் சுரம்.

அக்காவுக்குக் குரல் வருகிறது. நெஞ்சு குளிர்ந்தது, ஒரு மூச்சு நேரம். ஆனால் அக்காவின் குரல் வெண்கலம். இது தட்டை. லேசாக மூக்கில் உரசுகிற குரல். ஒத்திகைப் பதிவுகளில் கேட்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்து 'இதுவா நான்' என்று அவள் நிறுத்திவிடுகிற குரல்.

அவளுடைய குரல்.

திரையில் இன்னொன்று சிவந்தது. அடுத்த அறையில் ரீங்காரம் ஒரு படி ஏறியது. இன்னொன்று. ஒரு படி இறங்கியது. சிவப்பு வரி முழுக்கப் பரவியது. அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாடிப் பார்த்தாள். இல்லை. இல்லை. அதுவும் இல்லை.

அடியில் ஒரு சுரம் கறுப்பாக மிஞ்சியது. பேச அது போதும். எழுந்தாள். அக்காவின் கதவுக்குப் போனாள். 'டிக்கை எடுத்தது நான்தான் அக்கா.' அவ்வளவுதானே. கைப்பிடி ஆவியில் வழுக்கியது. உள்ளே ரீங்காரம் நின்று, காத்திருந்தது. நாளைக்குச் சொல்லலாமே, என்று நினைத்தாள். எப்போதும்போல.

பின்னால், மேஜைப் பக்கம், சுவரில் விழுந்திருந்த கணினித் திரையின் வெளிச்சம் முழுக்கச் சிவந்தது.

கதவைத் தள்ளினாள். ஆவி. தைல வாடை. கட்டிலில் அக்கா, தலையில் துண்டு, மடியில் பாத்திரம். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். கண்கள் பிதுங்கின. பயம். அக்காவுக்கும் பயம்.

அக்கா, என்று வாயசைத்தாள் தங்கை. காற்று.

பொத்திய விரல்களுக்கு இடையிலிருந்து தங்கையின் குரல் வந்தது, தட்டையாக, லேசாக மூக்கில் உரசி.

"டிக்கை எடுத்தது நான்தான். உன் வரி முழுக்கச் சிவப்பா இருந்துச்சு. பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

அக்காவின் கண்களில் பயம் அடங்கியது. மெல்ல, வேறொன்று வந்தது. அவள் தங்கையையே பார்த்துக்கொண்டு, வாயிலிருந்து ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றதையும். அது பேசட்டும் என்று வாயை அகலத் திறந்தாள்.