கன்று குடித்த தண்ணீர்

1994 பிப்ரவரி 8, செவ்வாய்க்கிழமை. காலை 10.15.

சேரன்மகாதேவியில், ஓய்வுபெற்ற ஆசிரியை பிரம்மநாயகி பென்ஷன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியபோது, தொழுவத்தில் அவருடைய பசு கோமதி செத்துக் கிடந்தது. வயிறு உப்பியிருந்தது. வாயில் நுரை. கழனித்தண்ணீர் ஊற்றும் அண்டா கவிழ்ந்து கிடந்தது. உயிருக்குத் துடித்தபோது பசு உதைத்திருக்கும் என்றார்கள். பிரம்மநாயகி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

காலை 11.30. மாட்டு டாக்டர் வயிற்றைத் திறந்ததும் நெடி மூக்கைத் துளைத்தது. “யூரியா” என்று ஒரு சொல் சொல்லி, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு சொல் போதாதா ஊருக்கு? எல்லாக் கண்களும் பக்கத்து வீட்டு இசக்கித்தாய் மேல் திரும்பின. பாளையங்கோட்டையில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தவள் அவள். வைக்கோலில் யூரியாக் கரைசலைத் தெளித்து, இருபத்தொரு நாள் காற்றுப் புகாமல் மூடி வைத்து, பிரம்மநாயகி வீடு உட்பட ஆறு வீட்டு மாடுகளுக்குத் தீவனமாகக் கொடுத்துவந்தாள். அவளுடைய சோறே அந்த வைக்கோல் படப்பில்தான் இருந்தது.

ஏட்டு வேதநாயகம் வந்தார். தெருமுனைப் புண்ணாக்குக் கடை ஐயம்பெருமாள் அவர் பக்கத்திலேயே நின்று, தோள்துண்டை உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, ஒன் வைக்கோலத் தின்னுதான் மாடு செத்திருக்கு. படப்பக் கொளுத்திட்டு ஸ்டேஷனுக்கு வா.”

“கொளுத்த மாட்டேன், ஏட்டையா.”

“என்னது?”

“கொளுத்த மாட்டேன்னு சொன்னேன். மொதல்ல நாலு கேள்வி கேக்கணும். கேக்க விடுங்க. அப்புறம் ஜெயிலுக்குன்னாலும் வாரேன்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இசக்கித்தாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கவிழ்ந்த அண்டாவின் அருகே குனிந்தாள். ஈர மண்ணில் எறும்பு சாரிசாரியாக மொய்த்துக் கிடந்தது.

“டீச்சரம்மா, கோமதிக்கு வைக்கோல் எப்பப் போட்டிய?”

“காலைல ஆறு மணிக்கு.”

“எருமைக்கு?”

“அதுக்கும் அதே கட்டுதான்.”

எருமை மூலையில் நின்று நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“பாத்தியளா ஏட்டையா? யூரியா மாட்டக் கொல்லணும்னா ஒரு மணி நேரத்துல கொன்னுரும். ஆறு மணிக்குத் தின்னது பத்து மணி வரைக்கும் காத்துக்கிட்டா இருக்கும்? டீச்சரம்மா வெளிய போனது ஒம்பது மணிக்கு. அதுக்குப் பெறகு அண்டாவுல எதையோ கலந்திருக்காவ.”

“யூரியாத் தண்ணி கசக்குமே. மாடு குடிக்குமா?” ஏட்டு விடவில்லை.

“கருப்பட்டியக் கரைச்சு ஊத்தினா குடிக்கும். மண்ணுல எறும்பப் பாருங்க.”

ஐயம்பெருமாள் குறுக்கே பாய்ந்தார். “சும்மா கதை விடாத! தண்ணில வெஷம்னா கன்னுக்குட்டில்லா மொதல்ல சாவணும்? அதுவும் அந்தத் தண்ணியத்தான குடிச்சுது? துள்ளிக்கிட்டு நிக்கி பாரும், ஏட்டையா!”

கூட்டம் தலையாட்டியது. ஏட்டும் தலையாட்டினார். கோமதியின் பன்னிரண்டு நாள் செவலைக் கன்று, தொழுவத்துக்குப் பின்னால் கட்டுக்கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. இசக்கித்தாய் போய் அதன் மூஞ்சியைத் தடவினாள். விரல் பிசுபிசுத்தது.

“அண்ணாச்சி சொல்லுதது சரிதான். கன்னும் குடிச்சிருக்கு. ஆனா சாவாது.”

“அதெப்படி?”

“மாடு வைக்கோலத் தின்னு எப்படிப் பாலாக்குதுன்னு நெனைக்கிய? அது பெருவயித்துல கண்ணுக்குத் தெரியாத கிருமி கோடிக்கணக்குல இருக்கு. வைக்கோலோட யூரியா பைய பையப் போனா, கிருமி அதத் தின்னு பெருகும். அந்தக் கிருமியச் செரிச்சுத்தான் மாட்டுக்குப் புரதம். ஒரே மூச்சுல கொட்டினா கிருமியால தாங்க முடியாது. யூரியா அம்புட்டும் அமோனியாவாகி ரத்தத்துல ஏறும். மாடு விழுந்துரும். பன்னெண்டு நாள் கன்னுக்குப் பெருவயிறு இன்னும் வேலைய ஆரம்பிக்கவே இல்ல. யூரியாவ அமோனியாவாக்க அங்கன ஆளு இல்ல.”

பிறகு பிரம்மநாயகி பக்கம் திரும்பினாள்.

“கன்னு அண்டாப் பக்கம் வந்துச்சா, டீச்சரம்மா?”

“வரலியே! ஒம்பது மணிக்கு நான்தான் பின்னால கட்டிட்டுப் போனேன். வந்து பாக்கும்போதும் அங்கனதான் கட்டிக் கெடந்துச்சு.”

“அண்ணாச்சி, நீங்க எப்ப வந்திய?”

“டீச்சர் கத்துன சத்தம் கேட்டு வந்தேன். பத்தேகாலுக்கு.”

“அப்ப அண்டா?”

“கவுந்து கெடந்துச்சு.”

“கவுந்த அண்டாவுல கன்னு தண்ணி குடிச்சத எப்பப் பாத்திய?”

ஐயம்பெருமாள் துண்டை இன்னும் வேகமாக உதறினார். நுணலும் தன் வாயால் கெடும்.

“நானே சொல்லுதேன். என் வைக்கோலு வந்ததும் இந்த ஆறு வீடும் ஒங்க கடையில புண்ணாக்கு வாங்குதத நிறுத்திட்டாவ. என் வைக்கோலு மேல பழி விழணும்னு அண்டாவுல கலந்திய. அப்ப கன்னு அவுந்து வந்து குடிச்சிட்டு. அது வாயத் தொடச்சு, மறுபடி கட்டிப்போட்டு, மிச்சத் தண்ணியக் கவுத்திய. கன்னு சாவலன்னதும், தண்ணி மேல சந்தேகம் வராதுன்னு அதையே சாட்சிக்குக் கூப்பிட்டிய.”

“யாரு பாத்தா?”

“எறும்பு. வந்ததுலேர்ந்து துண்ட உதறிக்கிட்டே நிக்கியளே, அண்ணாச்சி. எறும்பு போவ மாட்டேங்குதோ?”

ஏட்டு கையை நீட்டித் துண்டைப் பறித்தார். ஒரு முனை கருப்பட்டிப் பாகில் விறைத்திருந்தது. அதில் எறும்பும் கன்றின் செம்மயிரும் ஒட்டியிருந்தன.

“நட வே” என்றார்.

நண்பகல் 12.40. ஜீப் போனது. கூட்டம் கலையத் தயங்கியது. தெருவே ஒன்றாகக் கூடிக் குற்றம் சாட்டியதே, மன்னிப்புக் கேட்கத்தான் ஒரு வாயும் இல்லை. இசக்கித்தாய்க்கு உள்ளே எரிந்தது.

பிரம்மநாயகி மெல்லக் கேட்டார். “இசக்கி, எருமைக்கு நாளைக்கு வைக்கோல் கொண்டுவருவியா?”

“தருவேன், டீச்சரம்மா. ஆனா கொண்டுவர மாட்டேன். என்னக் கொலைகாரின்னு பாத்த தெரு இதையும் பாக்கட்டும். நீங்க வந்து சொமந்துட்டுப் போங்க.”

மறுநாள் காலை ஆறு மணிக்கு, நெற்றி நிறையத் திருநீறோடு, பிரம்மநாயகி டீச்சர் தலையில் வைக்கோல்கட்டோடு தெருவில் நடந்தார். இசக்கித்தாய் தன் வாசலில் நின்று, கட்டு அந்தத் தொழுவத்தில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.