மேலதிகாரி மாற்றம்

ஊவே க்ளாசனின் பத்து விரல்களிலும் நகம் உடைந்திருந்தது!

சர்வர் அறையின் இரும்புக் கதவை உள்ளிருந்து அத்தனை சுரண்டியிருந்தார். தீயணைப்பு வாயு பீறிட்டு, மூச்சு விடக் காற்றில்லாமல்... நாலே நிமிடம். கதவு சிக்கிக்கொண்டதாம். விபத்து என்று எழுதிவிட்டுப் போனது ஹாம்பர்க் போலீஸ்.

ஆறு வாரம் கழித்து, அவருடைய நாற்காலிக்கு நேர்காணல்.

ஹௌக்கே ப்ரோடர்சன் டையைச் சரிசெய்துகொண்டான். ஒன்பது வருடமாக க்ளாசனுக்குக் கீழே துணை மேலாளர். எட்டாயிரம் பேர் வேலை செய்யும் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஐ.டி. தலைமைப் பதவி! கிழவர் ஓய்வு பெற இன்னும் நாலு வருடம். யார் காத்திருப்பது?

அவன் காத்திருக்கவில்லை. க்ளாசன் சர்வர் அறைக்குள் போனதும், தன் மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்தே கதவைப் பூட்டினான். வாயுவைத் திறந்துவிட்டான். மிச்சக் காபியைக் குடித்து முடித்தான்.

"வணக்கம், ஹெர் ப்ரோடர்சன். உட்காருங்க."

பணியாளர் பிரிவுத் தலைவி ஃப்ராவ் லூர்ஸ். அவள் பக்கத்தில் ஒரு குண்டு மனிதர், லவங்கப்பட்டை பன்னை மென்றுகொண்டு. தொழிலாளர் குழு ஆளாக இருக்கும். நேர்காணலில் சும்மா உட்கார்ந்திருப்பதுதானே அவர்கள் வேலை!

"நெருக்கடி வந்தா எப்படிச் சமாளிப்பீங்க?"

"க்ளாசன் செத்த அன்னிக்குப் பார்த்தீங்களே! அவரை வெளிய தூக்கறதுக்கு முன்னாடியே எல்லா சர்வரையும் ஓட விட்டுட்டேன். நாப்பதே நிமிஷம்!"

"அடேயப்பா... அழக்கூட நேரம் இருந்திருக்காது."

"அழுதா சர்வர் ஓடாதே, ஃப்ராவ் லூர்ஸ்!"

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். குண்டு மனிதர் மட்டும் மென்றுகொண்டே இருந்தார்.

"சரி... க்ளாசன் உங்களுக்குத் தந்த பணிச் சான்றிதழ்."

ஹௌக்கேயின் நெஞ்சு நிமிர்ந்தது. அத்தனையும் அவன் கைவண்ணம்! பிணம் போன பிறகு, க்ளாசனின் கம்ப்யூட்டரிலேயே அடித்தது. கையெழுத்தும் போலி. தேதியை மூன்று நாள் முன்னால் தள்ளி, பதிவுகளையும் மாற்றிவிட்டான். எந்தக் கொம்பன் தோண்டினாலும் மே மூன்றாம் தேதி என்றுதான் காட்டும்!

"பிரமாதமா எழுதியிருக்காரு. வழக்கமா 'முயற்சி செய்தார்'னு ஒரு வரி போட்டே ஆளைக் கவுத்துடுவாரு."

"உதவாக்கரைன்னு நேரா எழுதினா கேஸ் போட்டுடுவாங்களே!"

"அதான். உங்களுக்கு அந்த வரியே இல்ல."

"என்மேல அவருக்குத் தனிப் பிரியம்."

"கடைசி வரியை வாசிங்களேன்."

சான்றிதழ் ஏன் தரப்படுகிறது என்ற வரி. எல்லார் சான்றிதழிலும் இருப்பது. கை தானாகவே அடித்துவிடும்.

"'மேலதிகாரி மாற்றத்தை முன்னிட்டு... இச்சான்றிதழ்...'"

கண் மேலே இருந்த தேதிக்கு ஓடியது.

"தேதி மே மூணு, வெள்ளிக்கிழமை. அவர் செத்தது ஆறு, திங்கட்கிழமை. மேலதிகாரி மாறப்போறது மூணு நாள் முன்னாடியே எப்படித் தெரிஞ்சுது?"

தேதியை மாற்றியவன் வரியை மாற்ற மறந்துவிட்டான்! மடையன்!

"அவரு... அவரு ஓய்வு வாங்கப் போறேன்னாரு! அந்த வெள்ளிக்கிழமைதான் சொன்னாரு. என்கிட்ட மட்டும்!"

ஃப்ராவ் லூர்ஸ் இழுப்பறையைத் திறந்து ஒரு கவரை எடுத்தாள்.

"ஓய்வுக் கடிதம். அவரே என் கையில தந்தாரு. யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாரு."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

"தன் இடத்துக்கு ஒரே ஒரு பேரைத்தான் சிபாரிசு செஞ்சிருக்காரு. ஹௌக்கே ப்ரோடர்சன்."

துள்ளிக் குதிக்காத குறை!

"ஆனா இதைத் தந்தது திங்கட்கிழமை காலைல ஒன்பது மணிக்கு. டாக்டர்கிட்டேருந்து நேரா இங்க வந்தாரு. கணையத்துல புற்று. மூணு மாசம்தான்னு அன்னிக்குத்தான் அவருக்கே தெரியும். உங்ககிட்ட வெள்ளிக்கிழமையே எப்படிச் சொன்னாரு?"

"மூணு... மாசமா?"

"வேலையில அதுகூட இல்ல. ஒரே வாரம். அடுத்த திங்கட்கிழமை நாற்காலி உங்களோடது."

ஒரே வாரம்! அவனுக்குள் என்னவோ அறுந்தது.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே அந்தக் கிழவன்!" என்று அலறினான். "தெரிஞ்சிருந்தா கதவைப் பூட்டியிருக்கவே மாட்டேனே!"

குண்டு மனிதர் விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் துடைத்துக்கொண்டு, முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"பூட்டினீங்களா? சிக்கிக்கிச்சுன்னு இல்ல நாங்க எழுதி வெச்சிருக்கோம்!"

அடையாள அட்டையை மேஜைமேல் வைத்தார். கொலைப் பிரிவு!

"ஆனா நீங்க அடிச்ச கடைசி வரி பலிச்சிடுச்சு, ஹெர் ப்ரோடர்சன். மேலதிகாரி மாறியாச்சு. இனிமே ஜெயில் சூப்பிரண்டு! பதினஞ்சு வருஷம் கழிச்சு அவர்கிட்டயும் ஒரு சான்றிதழ் கேளுங்க... 'முயற்சி செய்தார்'னு கண்டிப்பா எழுதித் தருவாரு!"