பின்வராந்தாக் கயிறு

கரண்ட் போய் மின்விசிறி நின்றிருந்தது. ஆனாலும் அவள் கன்னத்தில் காற்று பட்டது. வெயிலுக்குப் பயந்து பங்களாவின் சன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள், சுண்ணாம்பு வாடையும் வியர்வை வாடையும் அறைக்குள் தேங்கிக் கிடந்தன, பக்கத்தில் கணவன் வாயைப் பிளந்துகொண்டு சுகமாகத் தூங்கினான். இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

வெள்ளைக்காரத் துரை கப்பலேறியதும் மாஜிஸ்ட்ரேட் வேலையும் இந்தப் பங்களாவும் கணவனுக்குக் கிடைத்தன. துரையின் திமிரும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்ததுதான் கொடுமை. வேலை வாங்கித் தருவான் என்று நம்பி வந்த அவளுடைய தம்பிதான் இப்போது அவன் ஷூவைக் கழற்றுகிறான்.

முன்பு உத்தரத்தில் பங்கா என்ற பெரிய துணிவிசிறி தொங்கியதாகக் காவலாளி சொல்லியிருந்தார். அதன் கயிறு சுவர்த் துளை வழியாகப் பின்வராந்தாவுக்குப் போகும். அங்கே ஒருவன் கால் கட்டைவிரலில் அதைக் கட்டிக்கொண்டு பகலெல்லாம் இழுக்க வேண்டும். ஒருநாள் கண்ணயர்ந்துவிட்டவனைத் துரை வயிற்றிலேயே மிதித்துக் கொன்றான். செத்தவனுக்கு ஏற்கெனவே மண்ணீரல் வீங்கியிருந்தது என்று சொல்லி, கோர்ட் துரையை விட்டுவிட்டது. கேட்ட அன்றே அவள் அந்தத் துளையில் பழந்துணியைத் திணித்து அடைத்தாள்.

இப்போது அந்தத் துணி தரையில் கிடந்தது.

உத்தரத்து வெறும் கொக்கியிலிருந்து ஒரு கயிறு இறங்கித் துளைக்குள் போனது. வந்தது. மறுபடி போனது.

பின்வராந்தாவுக்கு ஓடினாள். தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டைவிரலில் கயிறு. கால் ஏறி இறங்கியது.

“என்னடா பண்றே? அவுத்து எறி.”

“முடியலக்கா. கால் என் பேச்சைக் கேக்கல. தூக்கம் வேற சொக்குது.”

முடிச்சை நகத்தால் பிராண்டினாள். அது சதைக்குள் இறுகியது. ரத்தம். தம்பியின் கன்னத்தில் அறைந்தாள், தூங்காதேடா என்று கெஞ்சினாள். அவன் தலை சரிந்தது. கால் நின்றது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு ஷூச் சத்தம். கணவன் வெறுங்காலோடுதான் படுத்திருந்தான்.

கணவன் வந்தான். அவளைப் பார்க்கவேயில்லை. தம்பியின் வயிற்றில் உதைத்தான். மறுபடி. அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உதைத்தான். தம்பியின் வயிற்றுக்குள் ஏதோ கிழிந்தது. வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. மூச்சு இல்லை.

கணவன் தம்பியின் சட்டையிலேயே ஷூவைத் துடைத்தான். கோர்ட்டில் பேசும் அதே குரலில் சொன்னான்: “இவனுக்கு முன்னாடியே மண்ணீரல் வீங்கியிருந்துச்சு.”

உள்ளே போய்ப் படுத்தான்.

புழுக்கம். காற்று இல்லை. கட்டில் மறுபடி கிறீச்சிட்டது.

அவள் தம்பியின் விரலைத் தொட்டாள். முடிச்சு இம்முறை தானாகவே அவிழ்ந்து கைக்கு வந்தது. தன் கட்டைவிரலில் கட்டிக்கொண்டாள். தம்பியின் தலையை மடியில் எடுத்து வைத்து, கண்ணை இமைக்காமல் இழுக்கத் தொடங்கினாள்.