சிமெண்ட் வயிறு

அந்தச் சிலையைப் பார்த்த நாளிலிருந்தே எனக்குக் குமட்டல்தான்.

திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு பழைய பங்களாவில் சர்வதேசக் கண்காட்சி போட்டிருந்தார்கள். ஐம்பது, அறுபதுகளில் வெளிநாட்டுக்காரர்கள் செய்த நாற்காலிகள், கட்டட மாதிரிகள், சிலைகள். நான் அங்கே செக்யூரிட்டி. என் மனைவி ஆனந்தவள்ளிக்குக் கூட்டித் துடைக்கிற வேலை. பின்னறையில் நின்றது அந்தச் சிமெண்ட் பெண். தலை கிடையாது. வயிற்றில் பெரிய ஓட்டை. எட்டிப் பார்த்தால் பின்சுவர் தெரியும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் ஓட்டைக்கும் மவுசு!

வள்ளிக்கு அப்போது ஐந்தாம் மாதம். முன்னால் இரண்டு தடவை தங்கவில்லை. சமயபுரத்தில் தொட்டில் கட்டியும் அவளுக்குப் பயம் போகவில்லை. ஒரு நாள் பார்க்கிறேன், சிலையின் ஓட்டைக்குள் மஞ்சள் துணியில் சின்னத் தொட்டில் தொங்குகிறது. உள்ளே ஒரு கூழாங்கல்.

"என்னடி இது? பார்த்தா வேலை போயிரும்."

"அவளுக்கும் வயிறு காலியாத்தானே இருக்கு? என் கஷ்டம் அவளுக்குப் புரியும்ங்க. கண்காட்சி முடியற வரைக்கும் இருக்கட்டும்."

வந்தவர்கள் அதையும் கலை என்று நினைத்து செல்ஃபி எடுத்தார்கள். நானும் விட்டுவிட்டேன்.

பிறகு வாடை கிளம்பியது. முதலில் திரிந்த பால் மாதிரி. அப்புறம் அழுகல். ஈ மொய்த்தது. தொட்டிலின் அடி ஊறி, பழுப்பாக என்னவோ சொட்டியது. ஓட்டையின் விளிம்பைத் துடைத்தால் சிமெண்ட் வழவழத்தது.

வெதுவெதுப்பாகவும் இருந்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி நாள்வரை பொறுத்திருக்கலாம். அருவருப்பு யாரை விட்டது? ஒரு மத்தியானம் மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டில் கயிற்றை அறுத்தேன்.

துணி கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்தது வரவில்லை.

அது கூழாங்கல் இல்லை.

இளஞ்சிவப்பாக, கைப்பிடி அளவில், சளி போல வழுக்கி ஓட்டையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டது. நெளிந்தது. வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். வாளியும் தண்ணீருமாகத் திரும்பி வந்தபோது அங்கே ஒன்றுமில்லை. வாசலில் வள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க... திடீர்னு வயிறு லேசாயிருச்சு."

வலி இல்லை. ஒரு பொட்டு ரத்தம் இல்லை. ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்து, "எங்க போய்க் கலைச்சீங்க?" என்று கேட்டார். கர்ப்பப்பை காலி. வள்ளி அழக்கூட இல்லை.

கண்காட்சி முடிந்து பெட்டிகள் அடுத்த ஊரான கொச்சிக்குப் போயின. சில நாள் கழித்து, பொருள்களோடு கொச்சிக்குப் போயிருந்த கண்காட்சி ஆபீஸ் பெண் ஆலியா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"வீரமலை அண்ணே, சிலையை மாத்தி ஏத்திட்டாங்களா? இதுல ஓட்டையே இல்லை. வயிறு உருண்டையா இருக்கு." அவள் குரல் தாழ்ந்தது. "தொட்டா... சீ, அசையற மாதிரி இருக்குண்ணே."

போனை அணைத்தேன். வள்ளி அதற்குள் பையில் புடவையைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்டி. அது என்னன்னே தெரியாது. நான் பார்த்தேன், கண்றாவி."

"உங்களுக்கு அருவருப்பா இருந்தா வராதீங்க." நனைந்துகொண்டிருந்த ரவிக்கையின் மேல் முந்தானையை இழுத்து அழுத்திக்கொண்டாள். "பிள்ளைக்குப் பசிக்குது."